கணினி பாதியில் நின்றால், ஒலிப்பதிவை மீட்பது எப்படி

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினி உறைந்துவிட்டது, அல்லது மின்சாரம் போய் அப்படியே அணைந்துவிட்டது. மறுபடி இயக்கிப் பார்த்தால் கோப்பைக் காணோம். கோப்பு இருந்தாலும் நீளம் 0 விநாடி என்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. பதிவு போயே போய்விட்டது என்று பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பதிவு மென்பொருள்கள் ஒலியைக் கடைசிவரை நினைவகத்தில் குவித்து வைத்திருப்பதில்லை. வர வர டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போகின்றன. ‘ஸ்டாப்’ அழுத்தும்போது நடப்பது ஒரு சின்ன வேலைதான்: ‘இந்தக் கோப்பில் இவ்வளவு ஒலி இருக்கிறது’ என்று தலைப்பகுதியில் எண்ணைப் போட்டு மூடுவது. கணினி நின்றதால் அந்தக் கடைசிக் கணக்கு எழுதப்படவில்லை, அவ்வளவே. ஒலி பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும்.

உண்மையான இழப்பு பல நேரம் அடுத்த அரைமணி நேரத்தில், பதற்றத்தில் செய்யும் காரியங்களால் நடக்கிறது. அதனால் செய்யக் கூடாதவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

முதல் அரைமணி நேரம்

பதிவு இருந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். ‘சரியாக வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று அதே மென்பொருளில் இன்னொரு பதிவு போட்டுப் பார்க்க வேண்டாம். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் நிறுவ வேண்டாம். தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் ‘கிளீனர்’ வகையறாக்களைத் தொடவே வேண்டாம். நீங்கள் தேடும் ஒலி அந்தத் தற்காலிகக் கோப்புகளில்தான் இருக்கிறது.

விண்டோஸ் தொடங்கும்போது டிஸ்க்கைச் சரிபார்க்கப் போவதாகச் சொல்லி, ஏதாவது ஒரு விசையை அழுத்தினால் தவிர்க்கலாம் என்று சில விநாடி அவகாசம் தரும். தவிர்த்துவிடுங்கள். அந்தச் சோதனை காப்பாற்ற நினைப்பது கோப்பு அமைப்பை. உங்கள் பதிவைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. பாதி எழுதிய கோப்பைத் துண்டித்து, மீந்ததை ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த ஃபோல்டரில் ‘சிஎச்கே’ என்று முடியும் பெயரில் போட்டுவிடவும் கூடும். ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தால் அந்த ஃபோல்டரில் தேடுங்கள். பெரிய சிஎச்கே கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்ததும் முதல் நான்கு பைட் 52 49 46 46 என்று இருந்தால், அது வேவ் வகை ஒலிக்கோப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தாலோ, சிறு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ, மென்பொருள் எதுவும் ஓட்டாமல் உடனே அணைத்துவிடுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கை வீட்டில் வைத்து மீட்க முயல்வது வீண். அது மீட்பு ஆய்வகத்தின் வேலை. சத்தமில்லாமல் வாசிப்பில் மட்டும் திணறும் டிஸ்க்கை லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு முழுசாக இன்னொரு டிரைவுக்கு நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்ய வேண்டும். எந்தெந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அந்தக் கோப்பின் பெயரைக் கட்டளையில் கொடுக்க மறந்துவிட்டால், இடையில் நின்ற வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

கணினியே இயங்கவில்லை என்றால், டிரைவைக் கழற்றி யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் இணைக்கலாம். அல்லது பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, கோப்புகளை வெளி டிரைவுக்கு நகலெடுக்கலாம். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். டிரைவைக் கழற்றுவதற்கு முன்பே அதைத் தேடி எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய கோப்பைத் தேடுகிறோம்?

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள்) 44,100 ஹெர்ட்ஸ், ஒரு மாதிரிக்கு 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு விநாடிக்கு 44,100 × 2 பைட் × 2 சேனல் = 1,76,400 பைட். நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, மணிக்கு 635 எம்பி. 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவுக்கு விநாடிக்கு 2,88,000 பைட். நிமிடத்துக்கு 17 எம்பிக்குச் சற்று மேல். இலவச ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி இயல்பாக 32 பிட் ஃப்ளோட் வடிவில் பதிவதால், 44,100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்கே நிமிடத்துக்கு 21 எம்பி பிடிக்கும். மோனோ என்றால் எல்லாம் பாதி.

இனி டிரைவில், கணினி நின்ற நேரத்தை ஒட்டித் திருத்தப்பட்ட கோப்புகளை மட்டும் அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். 40 நிமிட ஸ்டீரியோ பதிவு தொலைந்தது என்றால், 16 பிட்டில் 420 எம்பி அளவில் ஒரு கோப்பு எங்கோ இருக்க வேண்டும். மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்ல மறக்காதீர்கள். பெயர் புரியாத எழுத்துக் குவியலாக இருந்தாலும் அளவும் நேரமும் பொருந்தினால் அதுதான் உங்கள் பதிவு. முதலில் வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். இனி சொல்லும் எல்லா வேலையும் நகலில்தான். மூலத்தைத் தொட வேண்டாம்.

ஆடாசிட்டியில் பதிந்திருந்தால்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே அதன் தற்காலிக ஃபோல்டரை நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸில் அது சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பயனர் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், ஆடாசிட்டி, செஷன்டேட்டா என்ற வரிசையில் உள்ளே இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ தேர்ந்தால் தெரியும். மேக்கில் ஃபைண்டரின் ‘கோ’ மெனுவை ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு திறந்தால் ‘லைப்ரரி’ தெரியும். அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், ஆடாசிட்டி, செஷன்டேட்டா.

நகல் கையில் வந்ததும் ஆடாசிட்டியை வழக்கம்போல் திறங்கள். மீட்கக்கூடிய ப்ராஜெக்ட்களின் பட்டியலோடு ஒரு பெட்டி வரும். ‘ரிகவர் செலக்டட்’ அழுத்துங்கள். ‘டிஸ்கார்டு செலக்டட்’ என்பது நிரந்தர அழிப்பு. பெட்டியை மூடும் அவசரத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘ஸ்கிப்’ இருக்கிறது. மீண்டு வந்த ப்ராஜெக்ட்டை உடனே ‘சேவ் ப்ராஜெக்ட்’ கொடுத்து வெளி டிரைவில் சேமித்து, கையோடு வேவ் கோப்பாகவும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதுவரை அது மீட்கப்பட்டதாகக் கணக்கில் வராது.

பெட்டியே வரவில்லை என்றால், பதிப்பைப் பொறுத்து வழி மாறும். 2021இல் வந்த 3.0 பதிப்பு முதல் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் ‘ஏயுபி3’ என்ற ஒற்றைக் கோப்பு. உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் தரவுத்தளம். சேமிக்காத ப்ராஜெக்ட் செஷன்டேட்டாவில் ‘ஏயுபி3அன்சேவ்டு’ என்ற பின்னொட்டோடு கிடக்கும். நகலில் அந்தப் பின்னொட்டை ஏயுபி3 என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். அதே பெயரின் கடைசியில் ‘-டபிள்யூஏஎல்’ என்று முடியும் துணைக்கோப்பு ஒன்று பக்கத்தில் இருக்கலாம். கடைசியாக எழுதப்பட்டு, முதன்மைக் கோப்பில் இன்னும் சேராத ஒலி அதில் இருக்கும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தாலோ, அதன் பெயரை மட்டும் மாற்றினாலோ இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும். பதிவின் பின்பகுதி வராது. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, இரண்டின் பெயரையும் ஒரே மாதிரி மாற்றுங்கள். அப்படியும் ‘டேட்டாபேஸ்’ பிழை வந்தால், ஆடாசிட்டி குழுவினரே வெளியிட்ட ‘ஆடாசிட்டி ப்ராஜெக்ட் டூல்ஸ்’ என்ற கட்டளைவழிக் கருவி இருக்கிறது. சிதைந்த தரவுத்தளத்தைச் சீர்செய்யும். ப்ராஜெக்ட்டாக மீளாவிட்டாலும், உள்ளிருக்கும் ஒலித்துண்டுகளை வேவ் கோப்புகளாக வெளியே எடுக்கும்.

3.0க்கு முந்தைய பதிப்பில் ஒலி நூற்றுக்கணக்கான ‘ஏயு’ துண்டுகளாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 எம்பி. 32 பிட், 44,100 ஹெர்ட்ஸில் சுமார் 6 விநாடி ஒலி. பெயரை நம்பி வரிசைப்படுத்தாதீர்கள். திருத்திய நேரத்தை வைத்து அடுக்குங்கள். ஸ்டீரியோ என்றால் இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி வரும். ஒரு டிராக்கிற்குரிய துண்டுகளை இறக்கி, ‘டிராக்ஸ்’ மெனுவில் ‘அலைன் எண்ட் டு எண்ட்’ கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பிறகு ‘மிக்ஸ் அண்ட் ரெண்டர்’. இந்தத் துண்டுகளைக் கீழே சொல்லும் ‘ரா’ முறையில் திறக்காதீர்கள். ஒவ்வொரு துண்டின் முன்பகுதியிலும் அலைவடிவத்தை வரைவதற்கான சுருக்கத் தரவு இருக்கும். ரா முறையில் அதுவும் ஒலியாக மாறி, ஆறு விநாடிக்கு ஒருமுறை கரகரக்கும்.

திறக்க மறுக்கும் வேவ் கோப்பு

அளவு 600 எம்பி, ஆனால் பிளேயரில் நீளம் 0:00. மீட்பதில் மிக எளிமையானதும், அநியாயமாகக் குப்பைக்குப் போவதும் இந்த வகைதான்.

எளிய வேவ் கோப்பின் முதல் 44 பைட் தலைப்பகுதி. அதன்பின் முழுக்க ஒலி. தலைப்பகுதியில் இரண்டு இடத்தில் நீள எண் உண்டு: 4ஆம் பைட்டில் தொடங்கி நான்கு பைட்டில் ‘மொத்த அளவு கழித்தல் 8’, 40ஆம் பைட்டில் தொடங்கி நான்கு பைட்டில் ‘ஒலியின் அளவு’. பைட்டுகளை 0 முதல் எண்ணுகிறோம். கணினி நின்ற கோப்பில் இவை 0 ஆகவோ, பொருந்தாத எண்ணாகவோ இருக்கும். பிளேயர் அதை நம்பி ‘இதில் ஒன்றும் இல்லை’ என்கிறது.

உதாரணத்துக்கு, கோப்பின் பண்புகளில் அளவு 6,35,04,044 பைட் என்று காட்டுகிறது. 44ஐக் கழித்தால் 6,35,04,000. அதை 1,76,400ஆல் வகுத்தால் சரியாக 360 விநாடி. ஆறு நிமிட ஒலி முழுசாக உள்ளே இருக்கிறது.

அதை எடுக்கத் தலைப்பகுதியைத் திருத்தவே தேவையில்லை, ஒதுக்கிவிட்டால் போதும். ஆடாசிட்டியில் ‘ஃபைல்’, ‘இம்போர்ட்’, ‘ரா டேட்டா’ என்று போங்கள். வரும் பெட்டியில் என்கோடிங்: சைன்டு 16 பிட் பிசிஎம். பைட் ஆர்டர்: லிட்டில் எண்டியன். சேனல்: 2. ஸ்டார்ட் ஆஃப்செட் (தொடக்கத்தில் ஒதுக்க வேண்டிய பைட்டுகள்): 44. அளவு: 100%. சாம்பிள் ரேட்: 44,100. உங்கள் பதிவு வேறு அமைப்பில் இருந்தால் அதற்கேற்ப மாற்றுங்கள். கோப்பு ஏஐஎஃப்எஃப் வகை என்றால் பைட் ஆர்டர் பிக் எண்டியன்.

இயக்குவதற்கு முன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஒலியளவை நன்றாகக் குறைத்துவிடுங்கள். அமைப்பு தவறினால் வருவது முழு வீச்சில் இரைச்சல். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் கெடுதல்.

என்ன தவறு என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும். பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் கீச்சுக்குரலில் வேகமாக ஓடுகிறது என்றால் சாம்பிள் ரேட் அதிகம், அல்லது மோனோ பதிவை ஸ்டீரியோவாகத் திறந்திருக்கிறீர்கள். இழுத்து இழுத்துக் கனமாக வந்தால் இதன் தலைகீழ். வெறும் இரைச்சல் மட்டுமே என்றாலோ, இரைச்சலுக்குள் பேச்சு மங்கலாகக் கேட்டாலோ பிட் எண்ணிக்கை தவறு. 24 பிட்டும் 32 பிட் ஃப்ளோட்டும் மாற்றிப் பாருங்கள். பிட் எண்ணிக்கை சரிதான், ஆனாலும் இரைச்சல் என்றால் ஆஃப்செட் தவறு: 16 பிட்டில் ஒரே ஒரு பைட் தள்ளித் தொடங்கினாலும் ஒவ்வொரு மாதிரியும் பாதி பாதியாக வெட்டி ஒட்டப்படும். ஆஃப்செட்டை ஒன்று கூட்டுங்கள். 24 பிட்டில் ஒன்று, இரண்டு என இருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீரியோவில் ஒலி சுத்தமாக வந்து, இடதும் வலதும் மட்டும் இடம் மாறியிருந்தால் ஒரு மாதிரி அளவு தள்ளியிருக்கிறது: 16 பிட்டில் 2 பைட், 24 பிட்டில் 3 பைட்.

எல்லா வேவ் கோப்புக்கும் தலைப்பகுதி 44 பைட் இல்லை. கையடக்கப் பதிவுக் கருவிகளும் ஸ்டுடியோ மென்பொருள்களும் நேரம், கருவியின் பெயர் போன்ற விவரங்களைச் சேர்ப்பதால் அது நூற்றுக்கணக்கான பைட்டுக்கும் மேலே போகும். ஹெக்ஸ் எடிட்டரில் 64 61 74 61 என்ற வரிசையைத் தேடுங்கள். அதன் முதல் பைட்டின் இடத்தோடு 8 கூட்டினால் ஒலி தொடங்கும் இடம் கிடைக்கும். அதுவே உங்கள் ஆஃப்செட்.

ஹெக்ஸில் பார்க்கும்போது கோப்பின் கடைசிப் பகுதி முழுக்க 00 00 00 என்றே ஓடினால், அந்த இடம் ஒதுக்கப்பட்டதே தவிர ஒலி அங்கே எழுதப்படவில்லை. மின்சாரம் திடீரென்று போகும்போது இப்படி நடக்கும். அந்த விநாடிகளை எந்தக் கருவியாலும் இந்தக் கோப்பிலிருந்து வரவழைக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: வேவ் தலைப்பகுதியின் நீள எண் 32 பிட். 4 ஜிபியைத் தாண்டினால் எண் கொள்ளாது. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் அந்த எல்லை சுமார் 6 மணி 45 நிமிடம். நீண்ட பதிவு கணினி நிற்காமலேயே கெட்டுப்போனதாகத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மீட்கும் வழி அதே ரா இம்போர்ட்தான்.

எம்பி3, எஃப்எல்ஏசி, எம்4ஏ

எம்பி3, எஃப்எல்ஏசி, ஆக் வகைகளில் ஒலி சிறு சிறு ஃப்ரேம்களாக இருக்கும். நின்ற இடம்வரை சாதாரணமாக ஓடும். நீளம் மட்டும் தப்பாகக் காட்டலாம். ஆடாசிட்டியில் திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால் சரி.

எம்4ஏ அப்படியல்ல. எந்த ஒலித்துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான மென்பொருள்கள் பதிவு முடிந்த பிறகே எழுதுகின்றன. அது இல்லாமல் உள்ளே இருக்கும் ஒலிக்குத் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. இதற்கு ‘அன்ட்ரங்க்’ என்ற கருவி உதவும். அதே சாதனத்தில், அதே அமைப்பில் பதிந்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக் கெட்ட கோப்புக்கு அட்டவணையைக் கட்டும். மாதிரி கையில் இல்லையென்றால் இப்போதே அதே கருவியில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்துகொள்ளுங்கள் — ஆனால் வேறு டிரைவில் சேமித்து. சாம்பிள் ரேட்டோ மோனோ, ஸ்டீரியோவோ மாறினால் மாதிரி உதவாது.

மற்ற மென்பொருள்கள்

ரீப்பர் நேரடியாக வேவ் கோப்பாகவே எழுதும். ப்ராஜெக்ட் சேமிக்கப்படாமல் இருந்தால் டாக்குமெண்ட்ஸில் ‘ரீப்பர் மீடியா’ ஃபோல்டரைப் பாருங்கள். கராஜ்பேண்ட் ப்ராஜெக்ட் என்பது கோப்பு போலத் தெரியும் ஃபோல்டர். வலது கிளிக்கில் ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ கொடுத்தால் உள்ளே மீடியா ஃபோல்டரில் ஒலிக்கோப்புகள் தனியாக இருக்கும். ஏபிள்டன் லைவ் அடுத்த முறை திறக்கும்போது மீட்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள்.

கோப்பே அழிந்துபோயிருந்தால்

பெயர் டிரைவிலேயே இல்லை, தற்காலிக ஃபோல்டரும் காலி. அப்போதுதான் அழிந்த கோப்பைத் தோண்டும் மென்பொருளுக்கு வேலை. எந்த வகை டிரைவ் என்பதுதான் இங்கே தலைவிதியைத் தீர்மானிக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழைய ஒலி அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில், கோப்பு அழிந்ததும் அந்த இடம் இனி வேண்டாம் என்று ‘ட்ரிம்’ கட்டளை போகும்; டிரைவ் தானாகவே அதைத் துடைத்துவிடும். எஸ்எஸ்டி என்றால் உடனே அணைத்து, வேறு கணினியிலிருந்து பாருங்கள். வாய்ப்பு குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த வகை மென்பொருளில் ஃபோட்டோரெக் இலவசம், பெயரில் ‘ஃபோட்டோ’ என்று இருந்தாலும் ஒலிக்கோப்புகளையும் எடுக்கும். ‘ஃபைல் ஆப்ட்’ பகுதியில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு, உங்களுக்கு வேண்டிய வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே தேட வேண்டி வரும். மீட்டதைச் சேமிக்கும் இடம் வேறு டிரைவாக இருக்க வேண்டும். பழைய பெயர் திரும்பாது. ஃபோட்டோரெக் தேடுவது கோப்பின் தொடக்க அடையாளத்தை. அதனால் பதிவு டிஸ்க்கில் பல இடங்களில் சிதறி எழுதப்பட்டிருந்தால் முதல் துண்டு மட்டும் சரியாக வந்து, நடுவில் வேறு எதுவோ இரைச்சலாக ஒலிக்கும். அப்படி வந்தால் நல்ல பகுதியை வெட்டி எடுத்துக்கொள்வதே மிச்சம்.

மீட்ட பிறகு

தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். முழுசாகக் கேளுங்கள். துண்டுகள் இடம் மாறியிருந்தால் அலைவடிவத்தில் தெரியாது. வாக்கியம் பாதியில் அறுந்து வேறு பேச்சு தொடங்கும்போதுதான் தெரியும். ஒரு துண்டு விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் அதே நீளத்துக்கு மௌனத்தைச் செருகிவிடுங்கள். வீடியோவோடு பொருத்த வேண்டிய பதிவில் இதைச் செய்யாவிட்டால், அதற்குப் பின் வரும் எல்லாம் உதட்டசைவோடு சேராது. முழுசாகக் கேட்டு, இரண்டு இடத்தில் நகல் வைக்கும்வரை பழைய டிரைவை ஃபார்மேட் செய்யவோ மறுபடி பயன்படுத்தவோ வேண்டாம்.

அடுத்த பதிவுக்கு முன் ப்ராஜெக்ட்டுக்கு முதலில் பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டுப் பிறகு ரெக்கார்டு அழுத்துங்கள். தானாக இணையத்துக்கு ஏறும் ஃபோல்டரில் நேரடியாகப் பதியாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை ஒத்திசைவு மென்பொருள் பிடித்து வைத்துக்கொண்டால் பதிவே தடுமாறும். திரைப்பதிவு மென்பொருளான ஓபிஎஸ்ஸில் பதிகிறவர்கள் சாதாரண எம்பி4க்குப் பதில் எம்கேவி வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கணினி நடுவில் நின்றாலும் அதுவரையிலான பதிவு திறக்கும். நீண்ட நிகழ்ச்சி என்றால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் புதிய கோப்பாகத் தொடங்குங்கள். இடைவேளையே இல்லாத நிகழ்ச்சி என்றால், கைபேசியில் இன்னொரு பதிவு ஓடட்டும். அதன் பேட்டரியையும் காலி இடத்தையும் தொடங்குமுன் பார்த்துவிடுங்கள்.